சோளக்குழியின் மூச்சு

விளக்கு அணையவில்லை. வேம்புவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

மாட்டுக்கொட்டகைத் தரைக்கடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டி, வைக்கோல் பரப்பி, சோளத்தைக் கொட்டி, கல்லால் மூடிக் களிமண் பூசி அடைத்த குழி அது. வேப்பந்தட்டைப் பக்கம் அப்படியொரு குழியைத் திறந்த கையோடு இறங்குகிறவன் ஒன்று மடையன், இல்லை மாமியாரோடு சண்டை போட்டவன். அடைத்த குழிக்குள் சோளமும் மூச்சு விடும். இருக்கிற நல்ல காற்றையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, ஆனையையே மல்லாத்துகிற கெட்ட காற்றைக் கக்கி வைத்திருக்கும். அதனால் முதலில் கயிற்றில் விளக்கை இறக்குவார்கள். அணைந்தால் குழியை ஆறப்போட்டு மறுநாள்தான் ஆள் இறங்கும். வேம்பு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து முதல் நாள் விளக்கு பிழைத்ததே இல்லை.

இன்று பிழைத்திருந்தது.

"வேணாங்க. நாளைக்கு எறங்கலாம்."

"நாளைக்கு சர்க்காருக்குத் தானியம் பறிக்கிற லெவி ஆபீசர் வந்து மோப்பம் புடிச்சா, சோளத்தோட என்னையும் அள்ளிட்டுப் போவாரு" என்றான் அவள் புருஷன் சாமிதுரை, இடுப்பில் கயிற்றைக் கட்டியபடி. "புள்ளைங்க பட்டினி கெடக்குது. நெருப்புக்கும் மனுசனுக்கும் ஒரே காத்துதான் புள்ள. அது எரிஞ்சா நானும் இருப்பேன்."

சரிதான். ஆனால் கோடை முழுக்க அடைத்துக் கிடந்த குழிக்குள் நல்ல காற்று எப்படி வந்தது?

அவன் இறங்கினான். வெளியே மழை பகலையே இருட்டாக்கிவிட்டுக் கூரைமேல் உலக்கை போட்டு இடித்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கே போதையேற்றுகிற புளித்த வாடை கொட்டகை முழுவதும் தேங்கி நிற்க, வேம்பு குழியோரம் குனிந்து அடியில் எரியும் சுடரையே பார்த்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறு பக்கம் சாய்ந்தது. தூங்குகிறவர் மூக்குக்கு நேரே பிடித்த விளக்கு அப்படித்தான் சாயும்.

பசு கயிற்றை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் திமிறியது.

"ஏங்க, மேல வந்துடுங்க."

"கூடைய எறக்கு புள்ள."

விளக்கு அணைந்தது.

"ஏங்க."

கயிற்றை இழுத்தாள். கயிறு கல்லாகக் கனத்தது. கத்தினாள், மழை விழுங்கியது. கயிற்று நுனியைப் பசுவின் கழுத்தில் முடிந்து, கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட்டாள். நூறு புலி துரத்துகிற மாதிரி அது பாய்ந்தது. சாமிதுரை மேலே வந்து விழுந்தான்.

உதடு நீலம். கண் செருகியிருந்தது. நெஞ்சில் காது வைத்தாள். துடிப்பு இருந்தது. மூச்சு, மெல்ல, வந்தது. பிழைத்துவிட்டான். அவன் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். வாய் இறுக மூடியிருந்தது.

குழிக்குள் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

விளக்கு. மறுபடி எரிந்தது. சுடர் சாய்ந்தது. நிமிர்ந்தது.

கீழிருந்து சாமிதுரையின் குரல் கேட்டது.

"வெளக்கு எரியுது பாரு. எறங்கி வா புள்ள."