நாலாம் நம்பர் பிளாஸ்திரி

"உங்க குடையில... என் கைக்கு மட்டும் கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். பஸ் ஸ்டாப்புக்குக் கூரை என்று ஒன்று இருந்தது பேருக்குத்தான். அது ஒழுகுகிற ஒழுக்கில் வெளியே நிற்பதே மேல். அங்கே ஒருத்தன்... தொப்பலாக நனைந்து, இடது கையை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பச்சைக் குழந்தையை அணைப்பது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

வாய் திறக்காமல் குடையை இரண்டு அங்குலம் நகர்த்தினாள். முன்பின் தெரியாத ஆளிடம் அதற்கு மேல் தாராளம் கூடாது.

"ரொம்ப நன்றிங்க. பையில ஓட்டை. நான் நனைஞ்சா பரவாயில்ல... இது நனைஞ்சா எல்லாம் வீண்."

பையை உருவினான். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், இரண்டு வரிசையாக ஆறு வட்டப் பிளாஸ்திரிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீல மையில் ஒரு எண்.

அவளுக்கு நெஞ்சு திக்கென்றது. ஐயோ... இது என் க்ரீம்!

ஆமாம், அவளுடையதேதான். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் சருமப் பூச்சுகள் தயாரிக்கும் கம்பெனி. பட்டுப் புரோட்டீன் போட்டு அவள் செய்த க்ரீமை இன்று காலைதான் முப்பது பேர் கையில் ஒட்டியிருந்தார்கள். ஆறில் ஒன்றில்தான் அவளுடையது. எந்த எண்ணில் என்ன என்பது, எல்லோரும் 'மார்க் அக்கா' என்று கூப்பிடும் சீனியரின் மேஜையில், ஒட்டின கவருக்குள் இருந்தது. செய்தவளுக்கே தெரியாது. நாளை மறுநாள் பிளாஸ்திரியைப் பிரித்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, பூஜ்யத்திலிருந்து நாலுவரை மார்க் போடுவது அக்காவின் வேலை. அதுவரை, க்ரீம் செய்தவள் அந்த முப்பது பேரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் உடனே சொல்லிவிட வேண்டும்.

நகர்ந்துவிடு, நகர்ந்துவிடு என்றது புத்தி. மழை விட்டால்தானே!

"நல்ல தோல் உள்ளவங்க தேவைன்னு போர்டு போட்டிருந்தாங்க," அவன் பாட்டுக்குப் பேசினான். "என்கிட்ட நல்லதுன்னு ஒன்னு இருக்கலாம்னு எனக்கே அப்பதாங்க தோணுச்சு. ஆனா பாருங்க, இந்த நாலாம் நம்பர் மட்டும்... அரிச்சுத் தொலைக்குது. பட்டுப்பூச்சி எச்சில்ல செஞ்ச க்ரீமாம். எச்சிலைத் தடவினா அரிக்காம என்ன செய்யும்?"

"எச்சில் இல்ல. புரோட்டீன்!"

போச்சு. வாயிலிருந்து வந்தே விட்டது. வந்தது வந்தாயிற்று, பாதியில் நிற்குமா?

"பட்டு நூல்ல ரெண்டு புரோட்டீன் இருக்குங்க. ஒன்னு நூல். இன்னொன்னு அதைச் சுத்தியிருக்கிற பசை. நூலை அலசுறப்போ அந்தப் பசையைச் சாக்கடையில கொட்டிடறாங்க. அதையே சுத்தம் பண்ணித் தோல்ல பூசினா, மெல்லிசா ஒரு படலமா உட்கார்ந்து ஈரம் ஓடிப்போகாம பிடிச்சு வெச்சுக்கும். சுருக்கம் போயிடும், பதினாறு வயசு திரும்பிடும்னெல்லாம் யாராவது சொன்னா நம்பாதீங்க. வறண்டு வெடிச்ச கைக்கு ஆறுதலா இருக்கும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரிசுன்னு... வெடிச்ச கைக்காரங்களைக் கேளுங்க."

மூச்சு வாங்கியது. அவன் அவளையே பார்த்தான். இமை நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட... தொலைத்த பொருளைத் தன் சட்டைப்பையிலேயே கண்டுபிடித்தவன் மாதிரி ஒரு பார்வை. அவள் கன்னம் சூடாகிவிட்டது. கையுறை போட்ட விரல்கள் குடைக்காம்பை இறுக்கின.

"ரொம்ப அரிக்குதா?" மெதுவாகக் கேட்டாள்.

"அரிப்பா? எனக்கா? சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க... ஒன்னும் இல்ல."

பஸ் வந்தது. ஏறியவள் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். கையைச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டு, ஒற்றைச் சட்டைக்கை காற்றில் ஆட, சிரித்துக்கொண்டு நின்றான் பாவி.

அன்றைக்குப் போனது தூக்கம். அரிக்குது என்றானே... அப்புறம் ஏன் இல்லை என்றான்? நாலாம் நம்பர் என்னுடையதா? ஏற்கெனவே இரண்டு முறை தோற்ற க்ரீம். இந்த முறையும் யாருக்காவது சிவந்தால் க்ரீமையே மூட்டை கட்டிவிடுவேன் என்று முதலாளி அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அக்காவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் ஒரு ஆள் குறையும். முப்பதாவது ஆள் கிடைக்கவே பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"தட்டுல கோலம் போடாம சாப்பிடு கண்ணு," என்றாள் அம்மா. "யாரும்மா அது?"

"யாரும் இல்லம்மா... கை."

"கையா?"

அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த நொடி கையுறையைக் கழற்றினாள். சின்ன வயதிலிருந்தே வெடித்து வெடித்து வரிகள் ஓடிய உள்ளங்கை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் இதைப் பிடித்தான்... சட்டென்று விட்டான். அதோடு சரி. அப்போது ஆரம்பித்ததுதான் இந்த க்ரீம். அது இல்லாமல் போனால் தனக்கென்று என்ன இருக்கிறது என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்திருந்தான். மார்க் அக்கா பிளாஸ்திரிகளைப் பிரித்து, விளக்கை இழுத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.

"நாலாவது லேசா சிவந்த மாதிரி இருக்கே. அரிச்சுதா?"

"இல்ல மேடம்."

"நிஜமா?"

"சத்தியமா. சட்டை உரசியிருக்கும் மேடம்."

அக்காவின் பேனா பூஜ்யம் போடக் குனிந்தது. ஒரு வினாடி பொறுத்தால் போதும்... வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்... கால் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, எழுதாதீங்க! இவருக்கு அரிச்சுது. என்கிட்ட சொன்னார். நான் இவர்கிட்ட பேசினேன்... உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள். "வெளியில போய்ப் பேசி முடிச்சுட்டு வா. உனக்கு இருக்கு."

வராந்தாவில் அவன் முகம் சுண்டிப் போயிருந்தது.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க? உங்களுக்காகத்தானே..."

"எனக்காகவா? என்னை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்க குரலைத் தெரியும்." தலையைக் குனிந்துகொண்டான். "இந்தக் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக்குங்க நான். போன வாரம் மூணாவது மாடிக்கு மேல லிஃப்ட் மாட்டிக்கிச்சே... சிவப்பு பட்டனை அழுத்தினீங்களே, அது என் போன்லதான் அடிக்கும். ஓடி வந்து லிஃப்ட் மேல இறங்கிப் பார்த்தா, கீழ நீங்க போன்ல அம்மாகிட்ட அழுதுட்டிருந்தீங்க. ஒரு ஆள் குறையுது, என் க்ரீமை மூடிடுவாங்கன்னு. பேசி முடிக்கட்டும்னு ரெண்டு நிமிஷம் காத்திருந்துதான் லிஃப்டை விட்டேன். மறுநாள் போய்ப் பேர் குடுத்தேன். பஸ் ஸ்டாப்புல யாரோன்னு நினைச்சுதான் உளறினேன்... நீங்க வாயைத் திறந்ததும் தெரிஞ்சுபோச்சு."

அவளுக்குக் கோபம் முந்திக்கொண்டது.

"நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தி இதை வாங்கிப் பூசுவா. ஏற்கெனவே நொந்துபோன கை. அது அரிச்சா, அவகிட்டயும் சும்மா பேச்சுக்குன்னு சொல்வீங்களா?"

அவன் திரும்பி, படிக்கட்டில் இறங்கிப் போனான். லிஃப்ட்காரன், லிஃப்ட் பக்கம்கூடப் பார்க்காமல்.

சாயங்காலம் நாலு மணி. கவர் பிரித்தாயிற்று. அக்கா தாளைப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தாள்.

"உன் பட்டு க்ரீம் ரெண்டாம் நம்பர். இருபத்தொன்பது பேருக்கும் பூஜ்யம். சுத்தம்."

காதில் விழுந்ததே தவிர மனசில் இறங்கவில்லை. "அப்போ... நாலு?"

"நாலுல ஒன்னுமே கிடையாது. வெறும் பிளாஸ்திரி." அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த ஆளுக்கு அரிச்சது தோல் இல்லடி. அதுக்கெல்லாம் என்கிட்ட மார்க் கிடையாது. அவர் தாளை அடிச்சாச்சு. உனக்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. முதலாளிகிட்ட ரெண்டு நாள் கேட்டு வாங்கியிருக்கேன், அதுக்குள்ள ஒரே ஒரு ஆளைப் பிடிச்சுட்டு வந்துடு. போ."

லிஃப்டில் ஏறினாள். கீழ்த்தளத்தை அழுத்தினாள். கதவு மூடியது. ஐந்து... நாலு... சிவப்பு பட்டன் அவளையே முறைத்தது. போயிருப்பானா? இனி பேசவே மாட்டானா? நான் போட்ட போட்டில் எவன் பேசுவான்?

அழுத்திவிட்டாள்.

"சொல்லுங்க!" பதற்றமான குரல். "லிஃப்ட் நின்னுடுச்சா?"

"இல்லீங்க... லிஃப்ட் ஓடுது."

அந்தப் பக்கம் ஒரு சின்ன 'ஓ'. குரலைக் கண்டுபிடித்துவிட்டான்.

"நாலாம் நம்பர்ல ஒன்னுமே இல்லையாங்க. வெறும் பிளாஸ்திரியாம்."

"ஐயையோ... அப்போ ரெண்டு நாளா நான் எதைத் தாங்கிட்டிருந்தேன்?"

"அரிச்சது தோல் இல்லன்னு அக்கா சொல்றாங்க." கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. "எனக்கும் ரெண்டு நாளா அதேதாங்க... பிளாஸ்திரி கூட இல்லாம."

லைன் கட்டாகிவிட்டது. சொல்லியிருக்கக்கூடாதோ? மூன்று... இரண்டு... ஒன்று... உயிரே போய்விடும் போலிருந்தது. கதவு திறந்தது.

எதிரே நின்றான், மூச்சிரைக்க. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை.

"என்னைத் தள்ளியிருப்பாங்க... ஒரு ஆள் வேணும்ல? எங்க அண்ணி வர்றாங்க. அவங்களுக்கு அரிச்சா மறைக்கவெல்லாம் தெரியாது... தெருவுக்கே கேட்கும்." நிறுத்தினான். "நான் பண்ணது தப்புங்க. உங்களுக்காகக்கூட இனிமே பொய் சொல்ல மாட்டேன்."

அவள் மெதுவாக இரண்டு கையுறைகளையும் கழற்றிப் பைக்குள் போட்டாள். வெறும் கையை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். வரி வரியாக வெடித்த அந்தக் கையை நிதானமாகப் பார்த்தான். பிடித்தான். விடவில்லை.

வாசலில் குடையை விரித்தான்.

"கைக்கு மட்டும் இடம் போதுமா?"

"போதாது," என்றாள். "ஆள் முழுசுக்கும் வேணும்."