மீதி முகம்

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மதியம், அந்த விற்பனைப் பெண் என் பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலையும் தோளும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. முகத்தில் மட்டும் மழை பட்ட மாதிரியே இல்லை. அதற்கென்று தனியாக ஒரு ஈரம் இருந்தது. வயது இருபதா நாற்பதா என்று சொல்ல முடியவில்லை. ஊரார் முகத்தில் கை வைத்தே பிழைக்கிறவள் நான். எனக்கே பிடிபடவில்லை என்பது எரிச்சலாக இருந்தது.

"புது நைட் சீரம் அக்கா. ப்ரோபயாடிக். உயிரோட இருக்குற நல்ல கிருமி. ராத்திரி முகம் பூரா தடவிட்டுப் படுத்தா, தோல் தானாவே ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்."

"கிருமியைக் காசு குடுத்து வாங்கி மூஞ்சில பூசணுமா? நல்லாருக்குடிம்மா உன் கதை."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சும்மாவே வெச்சுக்கோங்க. ஃபிரிட்ஜுல வைங்க," என்று ஒரு சின்னப் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். சுவர் முழுக்கக் கண்ணாடி. பார்லருக்குள் வந்த பெண் ஒருத்தி ஒரு கண்ணாடியையும் ஏறெடுத்துப் பார்க்காமல் போனது அன்றுதான் முதல் தடவை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் க்ரீம் வந்தாலும் முதலில் என் முகத்தில் போட்டுப் பார்ப்பேன், அதுவும் பாதி முகத்தில் மட்டும். நெற்றி நடுவில் தொடங்கி, மூக்குத் தண்டு வழியாக, முகவாய் வரை ஒரு கோடு. இடது பக்கம் புதுசு, வலது பக்கம் பழசு. மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரக்கின் லட்சணம் தெரிந்துவிடும். முழுக்கப் பூசிக்கொண்டு, பளிச்சென்று இருக்கிறேன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்வதெல்லாம் ஏமாளிகள் வேலை.

அன்று இரவும் இடது பாதியில் மட்டும் தடவினேன். விரலில் வழுக்கியது. புளித்த பால் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, யாரோ வெகுநாள் தலை வைத்துப் படுத்த தலையணையில் வருவது.

பார்லருக்குப் பின்னால் ஒரே அறை, ஒரே கட்டில், நானும் என் மகளும். ஒன்பது வயது. ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள் என்பதால் வாலு என்று கூப்பிடுவேன். அவள் அப்பன் எங்களை உதறிவிட்டுப் போன பிறகு, உலகத்தில் எனக்கென்று இருப்பது அந்தக் குரங்கு ஒன்றுதான்.

"உன் மேல வேற யாரோ வாசனை வருதும்மா," என்றாள் வாலு மூக்கைப் பொத்திக்கொண்டு.

"வாயை மூடிட்டுத் தூங்குடி."

காலையில் கண்ணாடியில் பார்த்து அசந்துபோனேன். வலது பக்கம் என் வயசு, என் சுருக்கம், என் அம்மைத் தழும்பு. இடது பக்கம் வழவழவென்று, ஈரமாக, பிறந்த குழந்தையின் கன்னம். அந்தத் தெருவில் யாரிடமும் இல்லாத சரக்கு எனக்குக் கிடைத்துவிட்டது என்று தலைகால் புரியவில்லை. விடாமல் தடவினேன், இடது பக்கத்தில் மட்டும்.

முதலில் கண்டுபிடித்தவர் தண்ணீர் கேன் போடும் அண்ணன். தாமதமாக வந்ததற்கு அவரைக் கிழிகிழி என்று கிழித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, பாதி மூஞ்சி திட்டுது, பாதி மூஞ்சி சிரிக்குது?"

திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். இடது உதடு மேலே ஏறி இருந்தது. இறக்கப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அதற்குத் தோன்றியபோது இறங்கியது.

வெங்காயம் நறுக்கினால் வலது கண் மட்டும் கலங்கியது. இடது கண் பாட்டுக்கு வாலுவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கவாதம்தான் என்று அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். புருவத்தைத் தூக்கச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். அவர் முன்னால் என் இடது பக்கம் அத்தனையும் ஒழுங்காகச் செய்தது.

"நரம்புல ஒரு கோளாறும் இல்லம்மா. ஆமா, என்ன க்ரீம் போடுறீங்க? வீட்டுல கேப்பாங்க."

வீட்டுக்கு வந்த வேகத்தில் பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, சனியன் ஒழிந்தது என்று கையைத் தட்டினேன்.

ஒழியவில்லை.

மறுநாள் காலையும் இடது கன்னம் ஈரமாகவே இருந்தது. துடைத்தால் மறுபடி ஊறியது. துண்டில் அந்தத் தலையணை வாடை ஏறி, எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை.

பிறகு ஒரு காலையில் கண் விழித்தபோது தலையைத் தூக்க முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுப்பதுதான் என் வழக்கம். அன்று வாலுவின் பக்கம் திரும்பியிருந்தேன். என் இடது கன்னம் அவள் கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

மெல்ல மெல்லப் பிரித்தேன். பிரியும்போது சத்தம் வந்தது.

வாலு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். "ராத்திரி பூரா என் காதுல ஏம்மா பேசிட்டே இருந்த?"

"நானா? என்னடி பேசினேன்?"

"கொஞ்சம் நகரு, எனக்கு இடம் பத்தலன்னு சொன்ன. நான் நகர்ந்தேனே. அப்பவும் பத்தலன்ன."

அன்று இரவு முகத்தை வேட்டித் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, பார்லருக்குள் போய், உள்ளே பூட்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்து, ஃபேஷியல் கட்டிலில் படுத்தேன்.

விழித்தபோது வாலுவின் கட்டிலில் இருந்தேன்.

சாவி என் கையில் இருந்தது. துணி அவிழ்ந்து கிடந்தது.

பல் தேய்த்துவிட்டு வந்த வாலு ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் முகத்தின் ஒரு பக்கம் சிரித்து முடித்தது. மற்றப் பக்கம் அதற்கப்புறம் சிரித்தது. அந்தக் கன்னத்தில், சட்டைப் பொத்தான் அகலத்துக்கு, ஈரமாக ஒரு பளபளப்பு.

அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு காலிப் பாட்டிலில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து அந்த விற்பனைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு நம்பர். மூன்றாவது தடவை எடுத்தாள். பேசி வைப்பதற்குள் கதவில் நின்றாள், இவ்வளவு நேரமும் தெருவிலேயே நின்றிருந்தாளோ என்னவோ.

என் முகத்தை ஒரே பார்வை பார்த்தாள். "பாதி போட்டீங்களாக்கா?"

"என்னடி இது? யாருடி இது?"

"தெரியாதுக்கா. எனக்குக் குடுத்தவங்களும் சொல்லல." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பாதி முகத்துல அது அடங்காது. மீதியைப் பக்கத்துல தேடும். யாரு பக்கத்துல படுத்திருக்காங்களோ, அவங்ககிட்ட."

"எடுத்துத் தொலை!"

"எடுக்க முடியாது. குடுக்கத்தான் முடியும். நீங்களே உங்க மீதியைக் குடுத்துட்டா பாப்பாவை விட்டுடும். அப்படித்தான் என் தங்கச்சியை விட்டுடுச்சு."

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். குரல் மட்டும் அழுதது. அறைய ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது.

"நாயே, தெரிஞ்சேதானே என் தலையில கட்டின?"

"நான் கட்டலக்கா," என்று கிசுகிசுத்தாள். "நான் எங்க போகணும், எந்தக் கதவைத் தட்டணும்னு எதுவும் என் கையில இல்ல. இப்பப் பேசுறதுக்கே விட மாட்டேங்குது."

அதன் பிறகு அவள் வாய் அழகாகப் புன்னகைத்து, "வரேன் அக்கா," என்றது.

வாலு வர இன்னும் நேரம் இருந்தது. தெருவில் நல்ல வெயில். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என் வலது பக்கத்தைப் பார்த்தேன். கண்ணோரச் சுருக்கம், தழும்பு, தொங்கிப்போன தாடை. இத்தனை வருடம் இதைத்தானே குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பாவி, என்று அதைத் தடவிக் கொடுத்தேன். பயமாக இருந்தது. பயத்தில் வாய்விட்டு அழுதேன், ஒரு கண்ணால். பிறகு இடது கன்னத்து ஈரத்தை உள்ளங்கை நிறைய வழித்தேன். மூக்கைத் தாண்டி, வலது பக்கம் முழுக்கப் பூசினேன்.

குளுகுளுவென்று இருந்தது.

வாலு வந்து பையை விசிறியடித்தாள். அவளைப் பிடித்து இழுத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, சொரசொரத்து, பேனா மை அப்பிய கன்னம். கிச்சுக்கிச்சு மூட்டினேன். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது. என் பிள்ளை தப்பிவிட்டாள். ஓவென்று அழவேண்டும் போல இருந்தது; எந்தக் கண்ணிலும் தண்ணீர் வரவில்லை.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே உற்றுப் பார்த்தாள். பிறகு என் பிடியிலிருந்து நழுவி, சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

இப்போது பார்லரில் கூட்டம் நிற்க இடமில்லை. "எப்படி இப்படி இருக்கீங்க, இனிமையா வேற பேசுறீங்க" என்று வாயைப் பிளக்கிறார்கள். தண்ணீர் கேன் அண்ணன் மட்டும் கேனை வாசலிலேயே வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போகிறார்.

வாலு இப்போது குறும்பு செய்வதில்லை. தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள். தட்டைக் கழுவி வைத்து, "தேங்க்ஸ்" என்கிறாள். பெற்றவளுக்கு எந்தப் பிள்ளையாவது தேங்க்ஸ் சொல்லுமா? ஃபேஷியல் கட்டிலில் தனியாகப் படுத்துக்கொள்கிறாள்.

நேற்று மாலை தெருக் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தாள். நான் பின்னால் போனதும் ஓர் அடி நகர்ந்து, மரியாதையாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, எங்கம்மா எப்ப வருவாங்க?"

நான்தான்டி உங்கம்மா, கண்ணைத் திறந்து பாருடி எருமை, என்று உள்ளே தொண்டை கிழியக் கத்தினேன்.

என் முகம் அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தது.

"தெரியலையே கண்ணு," என்றது.