நான்கு நிமிடத்துக்கு ஒரு மறுப்பு

நவம்பர் 6, வியாழக்கிழமை. காலை 11.15.

உறை மெலிதாக இருந்தது. அரசாங்கத்திடமிருந்து மெலிதாக எது வந்தாலும் உள்ளே நல்ல செய்தி இருக்காது என்பது ஷேல் ஃபெரி ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

டோரீன் ப்ளாஹா தபால்பெட்டியடியில் நின்றபடியே பிரித்துப் படித்தாள்.

“அக்டோபர் 20 அன்று உங்கள் நிறுவனம் உங்களைக் கண்ணாடிப் பிரிவில் பழைய வேலைக்கே, பழைய சம்பளத்துக்கே திரும்ப அழைத்ததாகவும், நீங்கள் மறுத்ததாகவும் தெரிவித்துள்ளது. வேலையை மறுத்தவருக்கு வேலையின்மை உதவித்தொகை இல்லை. பொய்த் தகவல் தந்ததற்கான அபராதம் பின்னர் அறிவிக்கப்படும். நிறுவனத்தின் தகவல் பெறப்பட்ட நேரம்: அக்டோபர் 31, மாலை 4.22.”

மறுத்தாளாம். இரண்டு மாதமாக அவளை அழைத்தது ஒரே ஒரு ஆள்தான். கார் கடன் கொடுத்த கம்பெனிக்காரன். அடுத்த வெள்ளி, 14ஆம் தேதி, பகல் பன்னிரண்டுக்குள் பாக்கி வராவிட்டால் இழுவை வண்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தான். கார் போனால் வேலை தேடப் போக முடியாது. வேலை தேடாவிட்டால் உதவித்தொகை கிடையாது. உதவித்தொகை வராததால்தான் கார் போகிறது. இந்த வட்டத்தை வரைந்தவன் எவனோ, அவனுக்கு எங்கோ ஒரு பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

பெல்வெதர் பீங்கான் ஆலை கழிவறைக் கோப்பை செய்கிறது. மூன்று தலைமுறையாக அமெரிக்கா உட்கார்ந்து யோசித்ததெல்லாம் ஷேல் ஃபெரி செய்து கொடுத்ததன் மேல்தான். ஒரு ஜன்னல்கூட இல்லாத அந்தக் கொட்டகையில் டோரீன் இருபத்தாறு வருடம் ‘தட்டுகாரி’. சூளையிலிருந்து வரும் கோப்பையைச் சின்ன மரச்சுத்தியால் தட்டுவாள். நல்ல கோப்பை மணிபோல் ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் தொண்டை கட்டியதுபோல் முனகும். முனகினால் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அவள் குறி போட்ட கோப்பையை முதலாளியே வந்து கெஞ்சினாலும் வெளியே விடமாட்டாள். செப்டம்பர் 5ஆம் தேதி மூன்று சூளைகளில் இரண்டை அணைத்துவிட்டு, அவளையும் இன்னும் பலரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பென்சில் இன்னும் கைப்பையில் கிடந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மாநிலத்தின் இணையதளத்தில் வாராந்தர மனு. இந்த வாரம் வேலை செய்யத் தெம்பு இருந்ததா? இருந்தது. வேலை தேடினீர்களா? தேடினேன். வந்த வேலையை மறுத்தீர்களா? இல்லை. உதவி அலுவலகத்துக்கே போய்ப் போட்ட முதல் மனுவில் மட்டும் ‘உங்கள் தொழில்’ என்று ஒரு பட்டியல் வந்தது. தட்டுகாரி என்று அதில் எதுவுமில்லை. உதவிக்கு வந்த அலுவலகப் பெண் கெண்ட்ரா, ‘ஜன்னல் கண்ணாடி பொருத்துபவர்’ என்பதை அமுக்கச் சொன்னாள். “ரெண்டும் பளபளன்னுதானே இருக்கு. எதையாவது அமுக்கலேன்னா அடுத்த பக்கம் திறக்காது.” அன்று வரிசையில் நின்ற ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் அதையே அமுக்கினார்கள். ஒன்பது ஞாயிறு ஓடிவிட்டது. மனுவின் நிலை என்ற இடத்தில் ஒரே சொல்தான் நின்றது. நிலுவை.

இப்போது நிலுவை போய், அவள் பொய்க்காரி ஆகியிருந்தாள்.

பகல் 12.40. தேவாலயத்தின் அடித்தளம்.

வியாழன்தோறும் அங்கே முட்டைக்கோஸ் போட்டு வதக்கிய நூடுல்ஸ் இலவசம். தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு மெலிந்த உறை. மொத்தம் பதினொன்று. சூளைக்காரன் வர்ஜில் டாஸ் உட்காரவில்லை. உறையே வராத ஒரே ஆலைக்காரனான எமில் ஹ்ருஸ்காவின் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தான்.

“இவனுக்கு மட்டும் எப்படி முதல் வாரத்துலேர்ந்து பணம் வருது? போன மாசம் ஆலை மேனேஜர் ஸ்ட்ராடர்கூட உட்கார்ந்து பர்கர் தின்னான். நான் கண்ணால பார்த்தேன்.”

“அவன் என் மச்சினன்” என்றான் எமில். “தின்னாம மூஞ்சில எறியச் சொல்றியா?”

வர்ஜில் எறியத்தான் சொல்வான் போலிருந்தது. அவன் இரண்டு மாதமாக மகள் வீட்டு சோபாவில் தூங்குகிறான்.

டோரீன் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. பதினொரு கடிதங்களையும் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தாள். ஒரு எழுத்து மாறவில்லை. பெயரும் நேரமும்தான் வேறு. நேரப்படி அடுக்கினாள். 4.06. 4.10. 4.14. ஐந்தாவது அவளுடையது, 4.22. கடைசி 4.46.

“யாரோ உட்கார்ந்து ஒண்ணொண்ணா அடிச்சிருக்கான்” என்றாள். “சூளையிலேர்ந்து கோப்பை வர்ற மாதிரி. நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு.”

பிறகு கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். ‘மறுத்ததாகவும்’ என்ற சொல் கண்ணில் பட்டபோதெல்லாம் ரத்தம் தலைக்கேறி மற்றதைப் படிக்கவிடவில்லை. அந்தச் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை மெதுவாகப் படித்தாள். அந்த முறை ஓரிடத்தில் முனகல் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி. காலை 9.05. ஆலை வாசல்.

நீல் ஸ்ட்ராடர் கையில் காப்பியோடு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினான்.

“எங்களை வேலைக்குக் கூப்பிட்டீங்களா?”

“கோப்புல இருந்தா கூப்பிட்டிருப்போம்.”

“கூப்பிடாமலே கோப்புல இருந்தா?”

“வக்கீலைக் கேட்காம நான் வாயத் திறக்கக் கூடாது, டோரீன்.”

அவன் வாய் மூடியிருந்ததன் காரணம் அவளுக்குப் புரிந்தது. நிறுத்திய ஆள் உதவித்தொகை வாங்கினால் கம்பெனி கட்டும் வரி ஏறும். பதினொரு பேர் வேலையை மறுத்தார்கள் என்று வானத்திலிருந்து ஒரு கடிதம் விழுந்தால், அதை எழுதியது யார் என்று கம்பெனி தேடிப் போகாது. அந்த மழையில் குடை பிடிக்காமல் ஆசையாக நனையும். ஆனால் திருட்டுப் பொருளை வாங்கிக்கொள்பவனின் முகமும் திருடியவனின் முகமும் வேறு. ஸ்ட்ராடரின் முகத்தில் பயம் இல்லை. ஒரு சின்ன ஆச்சரியம்தான் இருந்தது.

நவம்பர் 10, திங்கள். காலை 10.00. வேலையின்மை உதவி அலுவலகம்.

அங்கே மொத்தம் இரண்டு பேர். முன்னால் கெண்ட்ரா. உள்ளே, கதவில் தன் பெயரை முழுசாகப் பொறித்துக்கொண்டு, கிளேட்டன் ஆர். ப்ரூயிட். தலைமை அதிகாரி. எப்போதும் ‘மிஸ்டர்’.

மிஸ்டர் ப்ரூயிட்டின் மேசையில் புதிதாக ஒரு கண்ணாடி விருது, வெளிச்சம் விழும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ‘அக்டோபர் இறுதியில் நிலுவை: பூஜ்யம்’. போன திங்கள் மாநிலத் தலைநகரில் கொடுத்ததாம். இருபத்தோரு நாளுக்கு மேல் கிடந்த மனு ஒன்றுகூட இல்லாத அலுவலகம் மாநிலத்திலேயே இது ஒன்றுதானாம். எல்லாம் குழு முயற்சி என்று அடக்கமாகச் சொன்னார். விருதில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

டோரீன் கடிதத்தை நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை. தன் கை நிறுவனத்தின் வார்த்தையைத் தாண்டிப் போக முடியாது என்றும், சட்டம் எல்லாருக்கும் சட்டம் என்றும், மனதைத் தளரவிடக் கூடாது என்றும் விளக்கினார். கடைசியில் ஆறுதலும் சொன்னார்.

“குளிர்காலம் வருது. ஜன்னல் வேலைக்கு எப்பவும் கிராக்கிதான். உங்க கைத்தொழில் உங்களைக் கைவிடாது.”

டோரீன் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். இருபத்தாறு வருடம் தட்டிக் கேட்ட காது சும்மா போகுமா?

முன்னறையில் பதினொரு பேர் சார்பிலும் மேல்முறையீட்டுத் தாளை நிரப்பிக்கொண்டே கெண்ட்ராவிடம், அக்டோபர் 31 சாயங்காலம் இங்கே கூட்டமா என்று கேட்டாள்.

கெண்ட்ரா குரலைத் தாழ்த்தினாள். “யாருக்குத் தெரியும்? போன மாசக் கடைசிலேர்ந்து வெள்ளிக்கிழமை எனக்கு மூணு மணியோட சரி. செலவைக் குறைக்கிறாங்களாம். அன்னிக்குப் பிள்ளைங்களுக்குப் பேய் வேஷம் போடணும்னு மூணு அடிச்சதும் ஓடிட்டேன்.” பிறகு இன்னும் தாழ்த்தினாள். “குறைஞ்ச நேரத்துக்கு நானும்தான் ஞாயித்துக்கிழமை மனு போடுறேன். எனக்கும் நிலுவைதான். இருபத்தோரு நாள் இன்னும் ஆகலே.”

மேல்முறையீட்டுக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, தலைநகரிலிருந்து தொலைபேசி. வியாழன் காலை விசாரணைக்கு ஓரிடம் காலியாம். அந்த நேரத்துக்குக் காத்திருந்த மனுதாரர் இறந்துவிட்டார். பதினொரு பேருக்கும் காரணம் ஒன்றே என்பதால் விசாரணையும் ஒன்றே.

நவம்பர் 13, வியாழன். காலை 10.00.

பதினொரு பேர் அலுவலகக் கூடத்தில். நாற்காலி ஏழு. நடுமேசையில் ஒலிபெருக்கித் தொலைபேசி. அதற்குள் இரண்டு குரல்கள். ஒன்று தலைநகரிலிருந்து விசாரணை அதிகாரி திருமதி ஓக்ஸ், களைத்த குரல். மற்றொன்று ஆலையிலிருந்து ஸ்ட்ராடர். ப்ரூயிட் விருதைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார், சாட்சி சொல்ல அழைத்து வந்ததுபோல.

அவர் இருபது நிமிடம் பேசினார். நடைமுறை, வெளிப்படைத்தன்மை, மக்கள் வரிப்பணம். பிறகு திருமதி ஓக்ஸ், மனுதாரர்கள் சார்பில் யார் பேசுவது என்றார். டோரீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“ஸ்ட்ராடர், உங்க ஆலைல என் வேலைக்குப் பேர் என்ன?”

“தட்டுகாரி.” வக்கீலைக் கேட்க வேண்டிய கேள்வியாக அது அவனுக்குத் தோன்றவில்லை.

“சம்பளச் சீட்டுல?”

“அதேதான்.”

“கண்ணாடிப் பிரிவுல எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க?”

“எந்தக் கண்ணாடி? நாங்க செய்யறது கழிவறைக் கோப்பை. இங்க ஜன்னல்கூடக் கிடையாதே.”

தொலைபேசியில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. திருமதி ஓக்ஸ் கடிதத்தைத் தேடுகிறார். கிடைத்ததும் அந்த வரியைத் தானே ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடிப் பிரிவில் பழைய வேலைக்கே.

“ஆலைல இருக்கிற எவனும் இதை எழுதியிருக்க மாட்டான், மேடம்” என்றாள் டோரீன். “ஸ்ட்ராடர் எழுதியிருந்தா தட்டுகாரின்னு எழுதுவார். அவரோட மச்சினன் எமில் போட்டுக் குடுத்திருந்தாலும் தட்டுகாரிதான். எங்களைக் கண்ணாடிக்காரங்கன்னு நினைக்கிற இடம் உலகத்துலேயே ஒண்ணுதான். இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர். பட்டியல்ல எங்க தொழில் இல்லேன்னு நாங்க எல்லாரும் ஜன்னல் கண்ணாடியை அமுக்கினோம். அதைப் பார்த்து எழுதினவர்தான் இதை எழுதினவர்.”

கெண்ட்ராவின் முகம் வெளுத்தது. டோரீன் அவள் பக்கம் திரும்பவில்லை.

“இங்க ரெண்டு பேர்தான். எல்லாக் கடிதமும் அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை, நாலு ஆறிலேர்ந்து நாலு நாற்பத்தாறுக்குள்ள பதிவாயிருக்கு. கெண்ட்ராவுக்கு வெள்ளி மூணு மணியோட வேலை முடிஞ்சுது. திங்கக்கிழமை என்கிட்ட ஜன்னல் வேலைக்குக் கிராக்கின்னு ஆறுதல் சொன்னது இவர். எமில் ஏன் தப்பினான்? அவனுக்கு முதல் வாரமே பணம் வந்துடுச்சு, அவன் மனு நிலுவைல இல்ல. நிலுவைல இருந்த பதினோரு பேர் மட்டும் ஒரே சாயங்காலம் வேலையை மறுத்திருக்கோம். அன்னியோட மாசம் முடியுது. மூணாம் தேதி இந்தக் கண்ணாடி வருது.”

கூடத்தில் யாரோ மெதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள். வர்ஜிலாகத்தான் இருக்கும்.

திருமதி ஓக்ஸ், நிறுவனம் அனுப்பிய மூலத்தாள் எங்கே என்று ப்ரூயிட்டைக் கேட்டார். தாளே இல்லாத அலுவலகம்தான் தன் லட்சியம் என்று அவர் ஆரம்பித்தார். மூலத்தாள், என்றார் திருமதி ஓக்ஸ் மறுபடியும். ப்ரூயிட் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“மறுக்கப்பட்ட மனு நிலுவைல இல்ல” என்றார் கடைசியில், குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தருவதுபோல. “விதி அப்படித்தான் சொல்லுது. மேல்முறையீட்டுல எப்படியும் கிடைச்சிடும். யாருக்கும் நஷ்டமில்ல.”

வர்ஜில் எழுந்தான். இரண்டு பேர் அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மறுப்புகள் பதினொன்றும் ரத்து, அபராதம் ரத்து, மிஸ்டர் ப்ரூயிட்டைப் பற்றித் தனி விசாரணை என்று திருமதி ஓக்ஸ் உத்தரவைப் படித்தார். பணம் பத்து வேலைநாளுக்குள் வந்து சேரும் என்று முடித்தார். எல்லாரும் மூச்சுவிட்டார்கள். டோரீன் விடவில்லை. நாளைக்குப் பகல் பன்னிரண்டுக்கு இழுவை வண்டி.

“மேடம், போனை வெக்காதீங்க. பதினோரு பேர் சோத்துல மண்ணள்ளிப் போட இவருக்கு ஆளுக்கு நாலு நிமிஷம் ஆச்சு. கடிதத்துலயே நேரம் இருக்கு. பொய்யை ஏத்த நாலு நிமிஷம் போதும்னா, நிஜத்தை ஏத்தவும் நாலு நிமிஷம் போதும். பத்து நாள் எதுக்கு? நாங்க உட்கார்ந்திருக்கோம்.”

தொலைபேசியில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு அந்தக் களைத்த குரல் கேட்டது.

“கெண்ட்ரா, நீங்க ஆரம்பிங்க. முடியற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்.”

10.51க்கு முதல் கோப்பு. கெண்ட்ரா ஒவ்வொன்றாகப் பெயரைச் சத்தமாகப் படித்தாள், பணம் விடுவிக்கப்பட்டது என்றாள், அடுத்த பெயருக்குப் போனாள். யாரும் வெளியே போகவில்லை. ப்ரூயிட் ஒருமுறை தண்ணீர் குடிக்க எழப் பார்த்தார். வாசல் பக்கம் நின்ற நான்கு பேரும் நகரவில்லை, அவரும் உட்கார்ந்துவிட்டார். ‘டோரீன் ப்ளாஹா’ என்று வந்தபோது 11.09. நாளைக் காலையில் பணம் அவள் கணக்கில் இருக்கும், பன்னிரண்டுக்கு முன்னால். பதினோராவது கோப்பு முடிந்தபோது 11.35.

டோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு மேசையருகே வந்தாள். விருதைக் குனிந்து பார்த்தாள். விரல் முட்டியால் அதன் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்தாள். மற்ற பத்துப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆலைக்காரர்கள் அல்லவா, தட்டும்போது பேசக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும்.

கண்ணாடி முனகியது.

கைப்பையிலிருந்து சிவப்பு மெழுகுப் பென்சிலை எடுத்து, பூஜ்யத்தின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, தன் காரை நோக்கி நடந்தாள்.