வீடு திரும்பியோர்

அலுவலக வாசல் காவலாளி பேசிக்கொண்டிருந்தார். அவருடைய முகக்கவசம் அசையவில்லை.

மாதக்கணக்கில் பாதி முகங்களையே பார்த்துப் பழகிவிட்டதால், ஒருவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்பதைத் துணியை வைத்தே அவளால் சொல்லிவிட முடியும். பேசப் பேச உள்ளே ஒட்டி வெளியே உப்பும் அந்தச் சின்ன அசைவும், வாய்க்கு நேரே வட்டமாய்ப் படரும் ஈரமும் எல்லாருக்கும் உண்டு. காவலாளியின் நீலத்துணி மட்டும் இஸ்திரி போட்டுச் சுவரில் ஒட்டினதுபோல் கிடந்தது. கிருமிநாசினியின் காரநெடிக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது. மூடிய அறைக்குள் காயாமல் கிடந்த துணியின் வாடை.

"நெத்தியக் காட்டும்மா."

வெப்பமானி கீச்சிட்டு எண்ணைக் காட்டியது. விதிப்படி அவர் அதைத் தன் நெற்றிக்கும் திருப்பிக்கொண்டார். கீச். எண் வரவில்லை. அளவுக்குக் கீழே என்பதற்கான இரண்டு எழுத்துகள் மட்டும் மினுங்கின.

"பேட்டரி போச்சுபோல," என்றார்.

"நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு சொன்னாங்களேண்ணே. எப்ப வந்தீங்க?"

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்கல்ல. நீங்கதானே அனுப்புனீங்க."

அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் என்பதால் அவளும் சிரித்து வைத்தாள். படியேறும்போது கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது.

மூன்றாவது மாடியில், முன்பு பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறைதான் இப்போது தொற்றுக் கணக்குப் பிரிவு. காற்றோட்டம் வேண்டும் என்று ஜன்னல்களைப் பிடுங்காத குறையாகத் திறந்து வைத்திருந்தார்கள். விசைப்பலகைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் விரல் பட்டபோதெல்லாம் நொறுங்குவதுபோல் சத்தமிட்டது. ஒப்பந்த வேலை. போகச் சொன்னால் போக வேண்டியதுதான். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அக்கா மிதித்த தையல் மிஷினில்தான் அவளுடைய புள்ளியியல் பட்டம் ஓடியது. அந்தப் பட்டத்தில் இந்த வேலைக்கான பாடம் இல்லை.

வேலை இதுதான். ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் விவரம் வரும். பெயர் இருக்காது, படுக்கை எண் மட்டும். யார் சிகிச்சையில், யார் இறந்தார், யார் குணமாகி வீடு திரும்பினார் என்று பிரித்து ஏற்ற வேண்டும். மாலையில் அதுதான் செய்தியாகும். சோதனையைக் குறைத்தார்கள், தொற்று குறைந்தது என்று கைதட்டிக்கொண்டார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பதைப் படித்தவர்கள் கோட்டுப்படமாகப் போட்டுக் காட்டினார்கள். மரணத்தைத்தான் அப்படிக் குறைக்க முடியவில்லை. பிணம் இருக்கிறதே.

"இறந்தவங்க இன்னிக்கும் ஒத்தை இலக்கத்துல நிக்கணும்மா," என்பார் பிரிவுத் தலைவர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து. "சக்கரை இருந்துச்சா? அது சக்கரை. நெஞ்சுவலியா? அது நெஞ்சுவலி. நம்ம கணக்குல வராது."

வராது, சரி. ஆனால் ஆள் எங்கே? சேர்ந்தவர்களின் எண்ணிக்கை மற்ற மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வராவிட்டால் மென்பொருள் பெட்டியைச் சிவப்பாக்கும். படுக்கை காலி, ஆள் சிகிச்சையில் இல்லை, சாகவும் இல்லை. மிச்சம் ஒரே கட்டம். வீடு திரும்பியோர்.

அங்கே ஏற்றினாள். ஏற்றிக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேசைக்காரி, தேநீர் குடுவையில்லாமல் நாற்காலியில் உட்காராததால் பிளாஸ்க் மேடம் என்று பேர் வாங்கியவள், அவளுக்கும் ஒரு பேர் வைத்தாள். "டாக்டரால முடியாததை ஒரே தட்டுல முடிச்சிடுறாளே. கைராசிக்காரிடி நீ." அன்றிலிருந்து அந்த அறையில் அவள் பேர் கைராசி. அவளும் அதற்குச் சிரித்தவள்தான்.

இந்த வாரம் மென்பொருளில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அந்தக் கட்டத்தில் எண் ஏறியதும் குடும்பத்துக்குத் தானாகக் குறுஞ்செய்தி போகும். யாரிடமும் கேட்கவில்லை.

மதியத்துக்கு முன் தொலைபேசி அடித்தது. உதவி எண்ணிலிருந்து திருப்பிவிட்ட அழைப்பு. ஒரு ஆண் குரல், ஓடிவந்தவனைப்போல் இரைத்துக்கொண்டு.

"எங்கம்மா வீடு திரும்பிட்டாங்கன்னு மெசேஜ் வந்துச்சு."

"சரி சார்."

"முந்தாநாள் நாந்தாம்மா மண்ணு தள்ளிட்டு வந்தேன்."

"மன்னிச்சுக்கங்க சார், தப்பா வந்திருக்கும், நான் உடனே..."

"தப்பில்லம்மா. வந்துட்டாங்க."

எதிர்முனையில் எங்கோ ஒரு குழந்தை சிரித்தது.

"கூடத்துல உக்காந்திருக்காங்க. மாஸ்க்கைக் கழட்டுங்கம்மான்னா தலையை மட்டும் ஆட்டுறாங்க. என் சின்னதைத் தூக்கி மடியில வச்சிருக்காங்க, விட மாட்டேங்குறாங்க. எதுக்கும்மா அனுப்புனீங்க?"

துண்டிப்பு. ரிசீவரை வைத்த பிறகும் அந்த இரைப்பு காதிலேயே இருந்தது.

"துக்கத்துல மூளை கலங்கிருச்சு போல, பாவம்," என்றாள். ஏதாவது கிண்டல் வரும் என்று பக்கத்து மேசையைப் பார்த்தாள். பிளாஸ்க் மேடம் குடுவை மூடியைத் திருகித் திருகித் திறக்காமலே வைத்திருந்தாள்.

"நேத்து எனக்கும் இப்படி வந்துச்சுடி. ரெண்டு."

சாயங்காலம் நெருங்கும்போது அக்காவைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் விவரம் வந்தது. அக்கா ஜன்னலோரப் படுக்கை. கடைசியாகப் பேசியபோது பிராணவாயுக் குழாய்க்குள்ளிருந்து, "மூச்சு வாங்குதுடி, வேற ஒண்ணுமில்ல, பாப்பாவைப் பாத்துக்க" என்றாள். பாப்பா அக்காவின் மகள், ஆறு வயது. இப்போது வீட்டில் தனியாக இருக்கிறாள். கீழ்வீட்டு ஆன்ட்டி அவ்வப்போது படியில் நின்று குரல் கொடுப்பாள், அவ்வளவுதான். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்று பாப்பாவிடம் தினமும் சொல்லிவிட்டுத்தான் இவள் வேலைக்கு வருவாள்.

ஜன்னலோரப் படுக்கையின் எண்ணை முதலில் தேடினாள். சிகிச்சையில்.

போன உயிர் வந்தது. மற்றதையெல்லாம் மளமளவென்று ஏற்றினாள். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இறந்தவர்கள் வழக்கம்போல ஒற்றை இலக்கத்தைத் தாண்டினார்கள். தாண்டியவர்களைத் தூக்கி வீட்டுக்கு அனுப்பினாள். தட்டினாள்.

மேசைமேல் இருந்த அவளுடைய கைபேசி அதிர்ந்தது.

உங்கள் உறவினர் குணமடைந்து வீடு திரும்பினார். நன்றி.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டாள். பிறகு திரையைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள்.

வார்டுக்குப் போட்ட அழைப்பு நெடுநேரம் அடித்தது. செவிலியின் குரல் கவச உடைக்குள் அமுங்கி வந்தது. "அந்த ஜன்னலோர அக்காவா? காலையிலயே ஐசியூக்கு மாத்திட்டாங்களே. அந்தப் படுக்கையில இப்ப வேற ஆளு. உங்களுக்குச் சொல்லலையா?"

"இப்ப எப்படி இருக்காங்க?"

"கணினியில வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு காட்டுதேம்மா..." செவிலி நிறுத்தினாள். குரல் இறங்கியது. "மதியமே போயிட்டாங்கம்மா."

திருத்தலாம். அந்த எண்ணைச் சொடுக்கி 'இறந்தவர்' கட்டத்துக்கு இழுத்தால் போதும். ஒரு தட்டு. சுட்டெலியில் கை இருந்தது. கட்டத்தின் விளிம்புவரை இழுத்தாள். இதைச் செய்தால் அக்கா செத்துவிடுவாள். ஊரான் அக்காக்களை எல்லாம் கை நடுங்காமல் இழுத்த விரல், இப்போது கட்டையாய்க் கிடந்தது.

வந்துட்டாங்க, என்றானே அந்த ஆள்.

வரட்டுமே.

அப்படியே விட்டாள். பையை எடுத்தாள். வாசலில் காவலாளி எழுந்து நின்று சலாம் வைத்தார். நீலத்துணி அசையவில்லை.

பேருந்து இல்லை. ஊரடங்கு தொடங்கும் நேரம். வெளிச்சம் அணையாமலும் எரியாமலும் தெருவில் சாம்பலாய்ப் படிந்திருந்தது. எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே செய்தி, ஒரே குரல், வீட்டுக்கு வீடு கைமாறி அவள் கூடவே நடந்து வந்தது. "இன்று குணமடைந்து வீடு திரும்பியோர்..."

சில வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். கதவைப் பார்த்துக்கொண்டு, தெருவுக்கு முதுகு காட்டி, கையைத் தொங்கப் போட்டு. யாரும் கதவைத் தட்டவில்லை. காத்திருந்தார்கள். ஒரு வீட்டில் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அவள் கடக்கும்போது ஒரு பெரியவர் தலையை மட்டும் திருப்பினார். வெள்ளைத்துணி. தட்டையாக. ஈரமே இல்லாமல்.

"நன்றிம்மா," என்றார்.

அவள் ஓடத் தொடங்கினாள். ஓடிக்கொண்டே வீட்டுக்கு அழைத்தாள்.

"சித்தி!" பாப்பாவின் குரலில் அத்தனை குதூகலம். "அம்மா வந்துட்டாங்க!"

"கதவைத் திறக்காத. பாப்பா, கேக்குதா? திறக்காத!"

"திறந்துட்டேனே."

"யார் வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"யாராச்சும் வந்தாத்தானே சித்தி? அம்மா யாரோவா?"

பாப்பாவின் குரலுக்குப் பின்னால் தடதடவென்று ஒரு சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம். அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள், அதைக் கேட்டுத்தான் பரீட்சைக்குப் படித்தாள்.

"சித்தி, அம்மாக்கு நல்லாயிடுச்சு. இப்ப மூச்சே வாங்கல."

கைபேசி வியர்வையில் வழுக்கியது. பிளாஸ்க் மேடத்தை அழைத்தாள். "மேடம், கடைசியா நான் ஏத்துனதுல ஒண்ணு, ஐசியூ, அதை மாத்துங்க. செத்துட்டாங்கன்னு போடுங்க. என் அக்கா மேடம். செத்துட்டாங்கன்னு போடுங்க!"

பதில் மெதுவாக வந்தது: "செய்தி வாசிச்சாச்சேடி. இன்னிக்குக் கணக்கு பூட்டிருச்சு. இனிமே திறக்காது."

தெருமுனை. கேட். கீழ்வீடு இருட்டு. ஆன்ட்டியின் செருப்பு படியில் ஒன்று, தரையில் ஒன்று. மாடிப்படியில் காயாத துணியின் அந்த வாடை. மேலே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம். நிறுத்தம். நூல் அறுபடும் சத்தம். மறுபடி ஓட்டம்.

ஊரே முகக்கவசம் கேட்டு அலைந்தபோது அக்கா பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து ராப்பகலாகத் தைத்தாள். மூணு மடிப்பு, மூணு அடுக்கு. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் உள்விளிம்பில் சிவப்பு நூல். தைத்த ஒவ்வொன்றையும் பாப்பாவுக்கு மாட்டிவிட்டு, முகத்துக்கு ஒரு முழத்தில் தீக்குச்சியைக் கொளுத்திப் பிடிப்பாள். "ஊதுடி." சுடர் அணைந்தால் அந்தத் துணி ஆகாது, இன்னோர் அடுக்கு வை. அணையாவிட்டாலும் கொஞ்சம் ஆட வேண்டும். "லேசா ஆடணும்டி," என்பாள். "ஆடவே இல்லன்னா போட்டவங்களுக்கு மூச்சு முட்டும்."

கதவு திறந்திருந்தது.

விளக்குப் போடவில்லை. மிஷின் முன்னால் அக்கா. ஆஸ்பத்திரி அங்கி. முதுகில் கட்டாத நாடாக்கள். பக்கத்து முக்காலியில் பாப்பா, காலை ஆட்டிக்கொண்டு.

"பாப்பா. இங்க வா."

"இருங்க சித்தி. அம்மா புதுசு தைச்சாங்க. எத்தனை அடுக்குன்னு சொல்லுங்க பாப்போம்?"

பாப்பாவின் முகத்தில் தடித்த துணி. தலையணைபோல. விளிம்பில் சிவப்பு நூல். காதிலிருந்து காதுவரை நெருக்கமாக. நாடாவே இல்லை. தையல் துணியோடு நிற்கவில்லை.

"பாப்பா..."

"வலிக்கல சித்தி."

மிஷின் நின்றது. அக்கா திரும்பினாள். கண் அக்காவின் கண்தான். அதற்குக் கீழே தட்டையான வெள்ளை.

"வீட்டுக்கு அனுப்பிட்டியே," என்றாள். துணி அசையவில்லை. "கைராசிடி உனக்கு."

ஊசிக்கு அடியில் இன்னொன்று இருந்தது. பெரிய அளவு. அவள் அளவு. நூல் இன்னும் அறுக்கப்படவில்லை.

அக்கா தீக்குச்சியை உரசினாள். மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஊதுடி."

பாப்பாவின் தோள் உயர்ந்தது. கன்னம் உப்பியிருக்க வேண்டும். கண்கள் சிரித்தன.

"ஊதுறேன்மா."

சுடர் நேராக நின்றது. குச்சி கறுத்துக்கொண்டே இறங்கி அக்காவின் விரலைத் தொட்டது. நகம் பொசுங்கும் வாடை எழுந்தது. விரல் விலகவில்லை. குழந்தை இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

சுடர் ஆடவே இல்லை.