போர்வைக்குள் பேரம்

துணிக்கடையின் பின்புறப் படிக்கட்டில் நான் ஏறியபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. மேலே, மாடியில், கடைக்காரப் பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டதால் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

எங்கள் கடைத்தெருவில் யாராவது இப்படிப் படுத்துவிட்டால், நாங்கள் முறை வைத்துக்கொண்டு துணைக்கு உட்காருவோம். அந்த நேரத்தில் வீட்டார் குளிக்கலாம், தூங்கலாம், ஒரு மூலையில் நின்று அழுதுவிட்டும் வரலாம். காலையில் தையற்கார அம்மா, சாயங்காலம் பூட்டுக்கடைக்காரர், மதியம் நான். நான் தரகன். சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு என்னைவிடத் தேர்ந்த ஆள் தெருவில் கிடையாது.

மருமகள் கதவைத் திறந்தாள். அவள் புடவை முழுக்க மருந்து வாடை.

"வாங்கண்ணே. நேத்து நீங்க பேசின பேச்சுல மாமா அஞ்சே நிமிஷத்துல தூங்கிட்டாரு."

"என் பேச்சுக்கு இதுவரைக்கும் இப்படி ஒரு பாராட்டு கிடைச்சதில்லம்மா. நீ போய் கொஞ்சம் கண்ணை மூடு."

போனவள் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. மாமாவோட கை ரெண்டும் போர்வைக்கு வெளியிலயே இருக்கட்டும். உள்ள வச்சா பதறிப் போறாரு. உங்க தம்பிக்குச் சொன்னா ஏறவே மாட்டேங்குது."

தம்பி என்று அவள் சொன்னது தன் புருஷனை. அவன் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, அப்பாவின் கையைப் போர்வைக்குள் செருகிக்கொண்டிருந்தான். பெரியவர் வெளியே இழுத்தார். அவன் மறுபடியும் செருகினான்.

"ஐஸ் மாதிரி இருக்குண்ணே. குளிராதா அவருக்கு?"

பெரியவருக்குப் பேச்சு போய்விட்டது. ஆனால் எங்கள் தொழிலில் பேச்சு போனால் பெரிய நஷ்டமில்லை. வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்குள் கைவிட்டு, விரல்களைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள்; எத்தனை விரலோ அத்தனை விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளங்கையில் கட்டைவிரலை அழுத்தினால், சரக்கை இப்போது கொடு, விலையைப் பிறகு பேசலாம் என்று அர்த்தம். முழுக்கையையும் பற்றினால் பேரம் முடிந்தது. கடைசியில் சுண்டுவிரலைத் தட்டினால் தரகனுக்கும் அதில் பங்கு உண்டு. என் வீட்டு அடுப்பு அந்தச் சுண்டுவிரலில்தான் எரிகிறது.

கட்டைவிரல் பேரத்துக்கு மட்டும் பெரியவர் வாழ்நாளில் ஒத்துக்கொண்டதில்லை. விலை கேட்காமல் சரக்கை எடுப்பவனைக் கண்டால் வாசலிலேயே நிறுத்தித் திட்டுவார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு ராத்திரி தாண்டறதே கஷ்டமாம். அக்கா வெளிநாட்டுலேருந்து கிளம்பிட்டா. நாளன்னிக்குத்தான் வந்து சேருவா." அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "பயந்துடுவாளேன்னு விஷயத்தை மூடி வச்சேண்ணே. இப்ப அவ முகத்தைப் பாக்காம அப்பா போயிட்டா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தினேன். மின்சாரம் போயிற்று. மின்விசிறி முனகியபடி நின்றது. பட்டப்பகலில் அறை, சரக்கு நிறைந்த கிடங்கைப் போல இருண்டது.

வாடையும் கிடங்கு வாடைதான். நெடுநாள் பூட்டிக் கிடந்து ஈரம் ஏறிய துணி.

பெரியவரின் வலக்கை துழாவிக்கொண்டு வந்து என் கையைப் பற்றியது. இந்த உடம்பில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன்.

இருட்டில் மகனின் குரல் கேட்டது. "அண்ணே... போர்வைக்குள்ள அப்பா என் விரலைப் பிடிக்கிறாரு."

"பேசறாரா?"

"ஒண்ணுங்கறாரு. ஒரு நாள் தாங்குவேன்னு சொல்றாரு போல." அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

எனக்கும் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. இடது கை மகனிடம், வலது கை என்னிடம் என்று நினைத்துக்கொண்டேன். "ஒண்ணுக்கெல்லாம் படியாதீங்க தம்பி. ரெண்டு விரலைப் பிடிங்க. அக்கா வரணும்ல?"

போர்வை சரசரத்தது.

என் பிடியிலிருந்த கை உதறியது. வேண்டாம் வேண்டாம் என்பதுபோல.

"யோசிக்கிறாரு. ஒண்ணுலயே நிக்கறாரு."

"கட்டைவிரலை அழுத்துங்க. சரக்கு முதல்ல கைக்கு வரட்டும்."

போர்வை மறுபடியும் சரசரத்தது.

"முடிஞ்சுதுண்ணே! முழுக்கையையும் பிடிச்சுட்டாரு!"

விளக்கு எரிந்தது.

பெரியவரின் வலக்கை என் கைக்குள் இருந்தது.

இடக்கை தலைக்கு மேலே, கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது.

மகன் இன்னும் போர்வைக்குள் கைவிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்றேன். "மெதுவா கையை எடுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கம்பியைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்துபோயிற்று. போர்வையை வாரி எறிந்தான். உள்ளே பெரியவரின் குச்சிக் கால்களைத் தவிர ஒன்றுமில்லை.

பெரியவர் மகனையே பார்த்தார். கண்ணீர் காதுவரை வழிந்தது.

அந்த இரவு தாண்டியது. அடுத்த இரவும் தாண்டியது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அக்கா ஓடிவந்து அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவர் அவள் முகத்தைத் தடவினார். அவள் ஊட்டிய தண்ணீரை விழுங்கினார். அன்று விளக்கு வைப்பதற்குள் போய்விட்டார்.

"எனக்காகவே காத்துக்கிட்டு இருந்தாருண்ணே," என்று அக்கா என்னிடம் சொன்னாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் செருப்பைத் தேடினேன்.

துக்கம் முடிந்து கடை திறந்தது. ஒருநாள் காலை நல்ல வெயிலில், வெளியூர்க்காரர் ஒருவரின் சரக்குக்காக நான் விலை பேசப் போனேன். மருமகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பல நாள் கழித்து முகம் தெளிந்திருந்தது.

"என்னண்ணே, உங்க தம்பிய இன்னிக்கு எவ்வளவு மொட்டை அடிக்கப் போறீங்க?"

"தலையை மட்டும் விட்டுடறேன்மா."

அவனும் சிரித்தான். துண்டை விரித்தோம். உள்ளே கைவிட்டோம். அவன் கை சூடாக என் கையைப் பிடித்தது.

பிறகு அவன் சிரிப்பு நின்றது.

கிடங்கு வாடை.

"அண்ணே," என்றான், உதடு அசையாமல். "உங்க இன்னொரு கை எங்க?"

என் இன்னொரு கை என் முழங்கால்மேல் இருந்தது. அவனுடையது கல்லாப்பெட்டிமேல் இருந்தது.

"விலை பேச வந்திருக்கு," என்றான். "ஒவ்வொரு விரலா எண்ணிக்கிட்டே போகுது. நிறுத்த மாட்டேங்குது."

இழுக்கப் பார்த்தேன். என் கை வரவில்லை.

மருமகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் துண்டு மட்டும்தான் தெரிந்தது.

அவனிடம் எண்ணி முடித்திருக்க வேண்டும். குளிர்ந்த, உலர்ந்த ஒரு விரல் என் உள்ளங்கையைக் கடந்து ஊர்ந்து வந்தது. என் சுண்டுவிரலை மெல்லத் தட்டியது.