ஆள் பழுது

செங்கமலம் லாரியை எழுப்பும் விதம் எல்லா ஓட்டுநர்களுடையதும் போலத்தான். இடது மணிக்கட்டில் நாடிக்காப்பை மாட்டிக்கொள்வாள். ஸ்டீயரிங்கில் கையை வைத்து, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு காத்திருப்பாள். எஞ்சின் அவள் நாடியைக் கேட்டு, அதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் உறுமும். இன்று சங்ககிரி புறவழிச்சாலையில், அன்வர் பாயின் பட்டறையில், அந்த மூச்சு நிதானத்துக்கு வர மறுத்தது.

"இன்னொருக்கா சொல்லுங்க பாய். என்ன பழுது?"

"ஆள் பழுதும்மா." அன்வர் பாய் நோயறிப் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "வண்டி கல்லு மாதிரி இருக்குது. துடிப்பு விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிக்கிறது எஞ்சின் இல்ல, உன் நெஞ்சு."

லாரியின் நிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த குமரவேல் சிரித்தான். செங்கமலத்தின் தம்பி, அதே லாரியின் மாற்று ஓட்டுநர். "எங்கக்காவுக்கு நெஞ்சே கெடையாதுங்க பாய். அதுல எங்கிருந்து பழுது வரும்?"

"வாயை மூடு" என்றாள் அவள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோன ஓட்டுநர்கள் ஒரு காலத்தில் ஏராளம். அதனால்தான் ஹைட்ரஜன் லாரிகளுக்கு நாடிப்பிணைப்பைக் கட்டாயமாக்கினார்கள். நாடி களைத்தால் எஞ்சின் இழுவையைக் குறைக்கும். நாடி ஒரு துடிப்பைத் தவறவிட்டால் எரிபொருளும் ஒரு துடிப்பைத் தவறவிடும். விபத்துகள் குறைந்தன. ஆனால் அதன்பிறகு பழுதுகள் இரண்டு வகையாயின. எந்திரப் பழுது என்றால் பாகத்தை மாற்றலாம். ஆள் பழுது என்று மெக்கானிக் பதிந்துவிட்டாலோ, நாட்டில் எந்த எஞ்சினும் அந்தக் கைக்கு மறுபடி எழாது.

"இன்னும் பதியலையே?"

"மத்தியானத்துக்குள்ள பதியணும்."

"அப்ப வண்டியை உருளை மேடையில ஏத்துங்க, நின்ன எடத்துலயே சக்கரம் சுத்தட்டும். தொப்பூர் ஏத்தம் மாதிரியே பாரம் குடுங்க. நான் ஓட்டிக் காட்டறேன்."

நேற்று ஓசூருக்கு முட்டை ஏற்றிப் போனபோது தொப்பூர் ஏற்றத்தில்தான் லாரி விக்கியது. பாதி மலையில் திடீரென்று இழுவை செத்துப்போய், பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் அலறின. வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது அவள் ஒரு மிஸ்ஸிங்கும் கேட்கவில்லை. எரிபொருள் பாய்ச்சும் இன்ஜெக்டர்தான், பாரத்தில் அடைத்துக்கொள்கிறது என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

உருளைகள் சுழன்றன. அன்வர் பாய் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார். செங்கமலம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்தது. இன்னும் ஏற்றினார். பட்டறைத் தகரக்கூரை அதிர்ந்ததே தவிர எஞ்சின் ஒரு முறைகூட விக்கவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள். நேற்றிலிருந்து முதல்முறையாக அவள் முகம் மலர்ந்திருந்தது.

அன்வர் பாய் தாடியைச் சொறிந்தார். "பெட்டியில நேத்து நாடி தவறினது அப்படியே பதிவாகி இருக்குதே. எனக்கே புரியல. சரி, இன்ஜெக்டர்னு எழுதி மாத்திக் குடுத்துடறேன். தப்பா நினைச்சுக்காதம்மா."

குமரவேல் எழுந்து பழத்தோலைத் தூர எறிந்தான். "முடிஞ்சுதா? காப்பைக் குடுக்கா. நான் பின்னால போய்ப் படுக்கறேன், நீ ஓட்டு."

அன்வர் பாய் காது கேளாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டறைகளில் அதுதான் மரியாதை. ஓட்டுகிறவர் களைத்தால் எஞ்சின் சுணங்கும். சுணங்கினால் சரக்கு நேரத்துக்குப் போகாது. அதனால் பின்படுக்கையில் தூங்குகிறவர் கையில் ஓட்டுகிறவரின் காப்பை மாட்டிவிடுவார்கள். தூங்குகிறவரின் அமைதியான நாடியில் லாரி ஓடும். எல்லோரும் செய்வதுதான். எந்த மெக்கானிக்கும் அதைக் கேட்பதில்லை, எந்த ஓட்டுநரும் சொல்வதில்லை.

காப்பைக் கழற்றிய செங்கமலம் அதைக் கொடுக்காமல் நின்றாள்.

நேற்றுத் தொப்பூரில் ஓட்டியவள் அவள்தான். காப்பு இருந்தது அவள் கையில் அல்ல.

"குமரா, ஏறு. ஸ்டீயரிங் முன்னால உக்காரு."

"எதுக்கு?"

"ஏறுன்னா ஏறு."

அவனே மாட்டிக்கொள்ளட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பைப் பூட்டினாள். எஞ்சின் புது நாடியைத் தேடிப் பிடித்தது. கொஞ்ச நேரம் சீராக ஓடியது.

"என்னக்கா வெளையாட்டு இது? பசிக்குது, போலாம்..."

எஞ்சின் விக்கியது. பிறகு சீரானது. மறுபடி விக்கியது, இரண்டு முறை அடுத்தடுத்து. உருளைகள் தடுமாறின. அன்வர் பாய் கையிலிருந்த துணியை மெல்லக் கீழே வைத்தார்.

குமரவேலுக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் முதலில் அவன் பாயைத்தான் பார்த்தான். "இன்ஜெக்டர்னு சொன்னீங்கல்ல? அதையே எழுதுங்க பாய். எனக்கு ஒண்ணும் பண்ணல. மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான். அக்கா, நீ சொல்லேன். காப்பு மாத்துனது தெரிஞ்சா உன் லைசென்ஸும்தான் போகும். ரெண்டு பேரும் என்ன பண்றது?"

லைசென்ஸைப் பற்றி அவன் சொன்னதில் பொய் எதுவுமில்லை. செங்கமலம் அவனுடைய குளிர்ந்த கையை விடவில்லை.

"ஆள் பழுதுன்னே எழுதுங்க பாய்" என்றாள். "காப்பு அவன் கையில இருந்துதுன்னும் எழுதுங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

அன்வர் பாய் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பட்டறை முழுக்கத் தம்பியின் நெஞ்சு இரைந்துகொண்டிருந்தது, தடுக்கித் தடுக்கி, வெளியே ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி.

"அதையாவது நிறுத்துக்கா" என்றான் குமரவேல். "காதால கேக்க முடியல."

அவள் கை ஸ்விட்ச் வரை போயிற்று. அணைக்கத் துணிவில்லாமல் அங்கேயே நின்றது.