கம்பியின் மறுமுனை வீடு

மோடம் வழக்கம்போல் கீச்சிட்டது, கரகரத்தது, கடைசியில் அடங்கியது. அடங்கிய பிறகு ஒரு மூச்சு கேட்டது.

பெலின் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது, பின்னால் தொட்டில் கயிறு கிரீச் கிரீச்சென்று ஆடியது. அத்தனை சத்தத்துக்கும் அடியில், யாரோ வாயைத் திறந்து நிதானமாக விட்ட மூச்சு. திரையின் மூலையில் இணைய இணைப்பைக் காட்டும் இரண்டு குட்டிக் கணினிப் படங்கள் கண் சிமிட்டின. வேகம் பதினாலாயிரத்து நானூறு என்றது. இரண்டே நிமிஷத்தில் லைன் அறுந்துபோனது.

எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்தது. அவள் கணவன் ஆர்செனியோ அரபு நாட்டில், தமாமில் குழாய் வெல்டராக இருந்தான். முகாமில் இருந்தது ஒரே கணினி. வெள்ளிக்கிழமை, இங்கே மரிகினாவில் பிற்பகல் மூன்று மணி ஆகும்போது, அவனுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அவன் விமானம் ஏறியபோது பெலினுக்கு ஐந்தாம் மாதம். இப்போது மகள் அமிஹானுக்கு நான்கு மாதம். போட்டோ வேண்டாம், பிள்ளை கைகால் ஆட்டுவதைப் பார்க்கணும் என்று ஊருக்கு வந்த நண்பன் கையில் வெப் கேமராவே வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தான். படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத்தான் போகும். கூரை, மின்விசிறி, அலமாரி மேலிருக்கும் குழந்தை இயேசு, பெலினின் நெற்றி. மடியில் இருக்கும் பிள்ளை வருவதற்குள் லைன் போய்விடும்.

"மூணு வாரமா உன் நெத்தியோடதான் குடித்தனம் நடத்தறேன்" என்று போன முறை எழுதியிருந்தான். அடுத்த வெள்ளி கடைசி. அதற்குப் பிறகு ஆறு மாதம் பாலைவனத்தில் வேலை. அங்கே கணினியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை நாத்தனார் நெனிதா வந்தாள். அவள் பஜாரில் ஒரு கணினிக் கடையில் வேலை பார்ப்பவள்.

"மோடத்துக்கு மூச்சு வாங்குதா? ஏன் அண்ணி, மாடிப்படி ஏறி வந்துச்சாமா?"

"சிரிக்காதடி. என் காதால கேட்டேன்."

நெனிதா படுக்கையறையில் இருந்த இரண்டாவது போனைக் கழற்றினாள். சுவரோடு பாம்பாய்ச் சுற்றிக் கிடந்த பத்து மீட்டர் கம்பியை எடுத்துவிட்டு ஒரு முழக் கம்பியை மாட்டினாள். மோடத்தின் அமைப்புக்குள் போய் என்னவோ எழுத்தும் எண்ணுமாகத் தட்டினாள். வேகம் இருபத்தி எட்டாயிரத்தைத் தொட்டது. பெலின் கைதட்டினாள். அப்போது மேஜை மேல் இருந்த போன் பாதி மணியோசையாக 'டிங்' என்றது. லைன் போச்சு.

"இது மோடம் கோளாறு இல்ல அண்ணி" என்றாள் நெனிதா. "உங்க பார்ட்டி லைன். அந்த வீட்டுல யாரோ ரிசீவரை எடுக்கறாங்க. எடுத்தா நமக்கு இன்டர்நெட் அறுந்துடும். யாருன்னு தெரியுமா?"

யாருக்குத் தெரியும்? தொலைபேசிக்காரர்கள் ஒரே கம்பியை இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு வீடு எது என்று சொல்வதில்லை. அவர்கள் பேசினால் இவள் காத்திருக்கணும். இவள் பேசினால் அவர்கள். அவசரம் என்றால், "பார்ட்டி லைன், கொஞ்சம் வைக்கிறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வது வழக்கம். ஆனால் இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருஷத்தில் அந்தப் பக்கம் யாரும் பேசிக் கேட்டதேயில்லை.

"டெலிபோன் ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்ச பொண்ணு இருக்கா, கேட்டு வைக்கறேன்" என்றாள் நெனிதா.

அதிலிருந்து பெலினுக்குத் தெருவில் எல்லோர் மேலும் சந்தேகம். ரொட்டிக்கடைக்காரி ஏன் குழந்தையை அப்படிப் பார்க்கிறாள்? எதிர்வீட்டுச் செருப்புப் பட்டறைக்காரனின் மனைவி நேற்று, "உங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமைதானே லீவு?" என்றாளே, அது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருத்தியின் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்த மூச்சு எந்த வாயிலிருந்து வந்திருக்கும் என்று.

புதன்கிழமை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டயல் ஒலி இல்லை. மூச்சு இருந்தது. தொட்டிலில் அமிஹான் விக்கினாள். வயிறு நிறையப் பால் குடித்தால் மட்டும் அவளுக்கு வரும் விக்கல், குட்டிக் கதவு திறந்து மூடுவதுபோல் ஹிக், ஹிக் என்று. அந்தப் பக்கம் மூச்சு நின்றது. விக்கல் அடங்கும்வரை நின்றேயிருந்தது. அப்புறம் மெதுவாகத் தொடர்ந்தது.

"பார்ட்டி லைன், யாருங்க? பிள்ளை இருக்கற வீடு, விளையாடாதீங்க" என்றாள். ரிசீவரைப் பட்டென்று வைத்தாள்.

வியாழன் மதியம் சோறும் கருவாடுமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது 'டிங்' என்றது. எச்சில் கையோடு போய் எடுத்தாள். கோபமாகத் திட்டத்தான் எடுத்தாள். ஆனால் யாருக்குத்தான் என்ன கஷ்டமோ, பக்கத்து வீட்டோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று தோன்ற, குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு மட்டும் போனை எடுக்காதீங்க, புண்ணியமாப் போகும். என் வீட்டுக்காரர் இன்னும் பிள்ளை முகத்தையே பார்க்கல. உங்களுக்கு அவசரம்னா இங்கயே வந்துடுங்க. பச்சை கேட் வீடு, கதவு திறந்துதான் இருக்கும். இப்பக்கூட சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன், வாங்க, சாப்பிடலாம்."

சாப்பிடும்போது யார் எதிர்ப்பட்டாலும் சொல்வதுதான், வாங்க சாப்பிடலாம் என்று. தெருவில் போகிற தபால்காரனுக்கும் சொல்வாள். சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க என்று அவர்களும் சொல்லிவிட்டுப் போவார்கள். அழைத்தவரும் நினைத்துச் சொல்வதில்லை, கேட்டவரும் வருவதில்லை.

"வரேன்" என்றது அந்தப் பக்கம்.

பெண் குரல். ஈரமான குரல். ரிசீவரை வைத்த சத்தம் கேட்கவில்லை. கம்பி மட்டும் சுத்தமாக, டயல் ஒலியோடு, முதன்முறையாகக் காலியாக இருந்தது.

அன்று யாரும் வரவில்லை. சாயங்காலம் கேட்டைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை வீட்டில் சேற்று வாடை. ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தபின் சுவரில் மாதக்கணக்கில் நிற்குமே, அந்த வாடை. தரையை இரண்டு முறை துடைத்தாள். போகவில்லை. இரண்டே முக்காலுக்கு அமிஹானைத் தொட்டிலில் போட்டு, ஆட்டிவிட்டு, கணினி முன் உட்கார்ந்தாள். லைன் கிடைத்ததும் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம்.

மோடம் ஒரே மூச்சில் பாடி முடித்தது. வேகம் ஐம்பத்திரண்டாயிரம். இந்த ஊரில் எவரும் கண்டிராத வேகம். குட்டிக் கணினிகள் சிமிட்டவேயில்லை. இரண்டும் அணையாமல் எரிந்தன.

நல்ல பெண்மணி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"தெரியுது பெலின்! முழுசாத் தெரியுது!" என்று எழுதினான் ஆர்செனியோ. "ஐயோ, பிள்ளை என் அம்மாவை உரிச்சு வச்சிருக்கா!"

பெலின் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அவளை இன்னும் எடுக்கவேயில்லையே" என்று தட்டினாள். "தொட்டில்ல தூங்கறா."

செல்போன் பீப் என்றது. நெனிதாவின் செய்தி. "அண்ணி உங்க பார்ட்டி லைன் ஆத்தோரம் கீழ்த்தெரு கடைசி வீடாம். வெள்ளத்துக்கப்புறம் பூட்டியே கிடக்காம். ஆனா லைனை யாரும் வெட்டலையாம்."

திரையில் அடுத்த வரி.

"விளையாடாதே. உன் பின்னால தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அவங்க யாரு? ஏன் நனைஞ்சிருக்காங்க?"

தொட்டில் கயிறு கிரீச்சிடவில்லை. எப்போது நின்றது?

திரும்பணும். கழுத்து திரும்பவில்லை. சேற்று வாடை இப்போது மிக அருகில். தோளுக்குப் பின்னால் மூச்சு. வாயைத் திறந்து விடும், நிதானமான மூச்சு.

"இரு, நீயே பாரு" என்று எழுதினான். அவன் திரையில் தெரிந்த படம் அவளுக்கே திரும்பி வந்தது. கோடு கோடாக.

கூரை. மின்விசிறி. குழந்தை இயேசு. அவளுடைய உச்சந்தலை. அதற்குப் பின்னால், அதைவிட உயரத்தில், சொட்டச் சொட்ட இன்னொரு தலை. குனிந்த முகம். சேறு படிந்த கழுத்து. அந்தக் கழுத்தில் சாய்ந்து, அமிஹானின் மஞ்சள் குல்லா. விரல்கள்.

டிங்.

படம் நின்றது. குட்டிக் கணினிகள் அணைந்தன. லைன் போய்விட்டது.

தோளுக்குப் பின்னால் மூச்சு இல்லை.

பெலின் திரும்பினாள். தொட்டில் தொங்கியது. தட்டையாக. உள்ளே கையைவிட்டாள். துணி ஈரம். தரை முழுதும் ஈரக் கால்தடம். வந்த தடம் இல்லை. போன தடம் மட்டும். வாசல்வரை. கேட் தாழிட்டபடியே இருந்தது.

"அமிஹான்!"

மழைதான் கேட்டது.

யாரோ ரிசீவரை எடுத்திருக்கிறார்கள். ஆத்தோரம். கடைசி வீட்டில். போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

மூச்சு. அதற்கு அருகில் இன்னொரு மூச்சு. சின்னது.

"கொடுத்துடுங்க" என்றாள். "கால்ல விழறேன், என் பிள்ளையைக் கொடுத்துடுங்க."

அந்தப் பக்கம் எதையோ தட்டிக்கொடுக்கும் சத்தம் மட்டும், மெதுவாக, முதுகில் தட்டுவதுபோல். அப்புறம் அமிஹான் விக்கினாள். வயிறு நிறையப் பால் குடித்தால் மட்டும் வரும் விக்கல்.

ஹிக்.

ஹிக்.